கேஸ் தீரவில்லை

மே மாதத்தில், சென்னைப் புறநகரில் இருக்கும் எங்கள் பொழிச்சலூரில் எந்த வீட்டில் ஏசி குளிராமல் போனாலும் முதலில் எழும் பேச்சு ஒன்றுதான்: "கேஸ் தீர்ந்துபோச்சு போல." வீட்டுக்காரர் சொல்வார், மாமியார் சொல்வார், எதிர்மாடியில் துணி காயப்போடுகிறவரும் அங்கிருந்தே சொல்வார். மெக்கானிக் வந்து ரிமோட்டை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு அவரும் அதையே சொல்லிவிட்டால் எல்லோருக்கும் ஒரு நிம்மதி. சில ஆயிரம் ரூபாய் கைமாறும். அன்று ராத்திரி நன்றாகத் தூங்குவார்கள். அடுத்த மே மாதம் அதே வீட்டில் அதே பேச்சு.

ஏசியில் இருக்கும் கேஸ் தீராது. சமையல் சிலிண்டரில் இருப்பது எரிந்து செலவாகிற வாயு. ஏசியில் இருப்பதோ மூடிய செம்புக் குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிற பொருள். ஒன்றரை டன் வீட்டு ஏசியில் அது ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கும். ஓட்டை விழாதவரை, கடையிலிருந்து வந்த நாள் முதல் காயலான் கடைக்குப் போகும் நாள் வரை அதே ஒரு கிலோதான். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது. கசிகிற இடத்தைத் தேடாமல் மேலே அடைத்துக்கொண்டே இருந்தால், அடைத்ததும் கசிந்துதான் போகும்.

குளிர்சாதன எந்திரங்களோடு வேலைக்காலம் முழுவதையும் கழித்தவன் நான். இப்போது ஸ்பேனர் எடுப்பதில்லை. ஆனாலும் தெருவில் ஏதாவது ஒரு வீட்டில் ஏசி மக்கர் செய்தால் கூப்பிட்டு விடுகிறார்கள். போய் நான் செய்வதெல்லாம் பெரும்பாலும் கேள்வி கேட்பதுதான். அது சிலருக்குப் பிடிப்பதில்லை. 'வந்தோமா, பார்த்தோமா, சொன்னோமா என்றில்லாமல் இந்தப் பெரியவர் ஏன் துருவுகிறார்' என்று முகத்திலேயே தெரியும். எங்கள் ஊர் அகத்தீஸ்வரர் கோயிலை வட திருநள்ளாறு என்பார்கள். சனிக்கிழமை ஆனால் சனி பகவானைப் பார்க்க எங்கெங்கிருந்தோ கூட்டம் வரும். ஏசி மூன்றாவது தடவை படுத்ததும் "ஏழரைச் சனி" என்று சொன்ன வீடும் எனக்குத் தெரியும். கேஸ் என்பதற்கும் சனி என்பதற்கும் ஒரு ஒற்றுமை உண்டு. சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் எதையும் தேட வேண்டியதில்லை.

இந்த எந்திரத்தைப் பற்றி ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் பாதி ரிப்பேர் நம் கையில். ஏசி குளிரைத் தயாரித்து அறைக்குள் ஊதுவதில்லை. அறையில் இருக்கும் வெப்பத்தை அள்ளிக்கொண்டுபோய் வெளியே கொட்டுகிறது. அள்ளுகிற வேலை அந்தக் கேஸுடையது. பழைய ஏசிகளில் இருக்கும் ஆர்-22, அடைத்து வைக்காமல் திறந்து விட்டால் மைனஸ் 40 டிகிரியிலேயே கொதித்துவிடும். இப்போது வரும் ஆர்-32 மைனஸ் 51இல். கொதிப்பதற்கு வெப்பம் வேண்டுமே, அதை உள்ளே இருக்கும் காயில் வழியாக அறைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஆவியானதை வெளியே இருக்கும் கம்ப்ரஸர் அழுத்தி இறுக்கி, சூடேற்றி, வெளிக் காயிலுக்குத் தள்ளுகிறது. அங்கே அது வெளிக்காற்றைவிடச் சூடாக இருப்பதால் வெப்பத்தை விட்டுவிட்டுத் திரவமாகிறது. ஒரு மெல்லிய குழாய் வழியாக மறுபடி உள்ளே வருகிறது. இதைத்தான் நாளெல்லாம் செய்துகொண்டிருக்கிறது.

ஒன்றரை டன் ஏசி அறையிலிருந்து ஏறக்குறைய 5 கிலோவாட் வெப்பத்தை அள்ளும். அதற்கு ஒன்றரை கிலோவாட் அளவுக்கு மின்சாரம் தின்னும். தின்றதும் வெப்பமாகத்தான் மாறுகிறது என்பதால், ஆறரை கிலோவாட்டுக்கு மேல் வெப்பம் வெளியே இருக்கும் பெட்டி வழியாகப் போயாக வேண்டும். நாம் துடைப்பதும் ரிமோட் நீட்டுவதும் திட்டுவதும் உள்ளே சுவரில் இருக்கும் வெள்ளைப் பெட்டியைத்தான். பாரமான பாதியைச் சுமக்கிற அவுட்டோர் யூனிட்டை வாங்கிய நாளுக்குப் பிறகு திரும்பிக்கூடப் பார்க்காத வீடுகள் நிறைய.

டன் என்றதும் சிலர் எந்திரத்தின் எடை என்று நினைத்துக்கொள்கிறார்கள். 907 கிலோ ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அதுதான் ஒரு டன். ஐஸ் வியாபாரம் கொடிகட்டிப் பறந்த காலத்தின் கணக்கு இது. அந்த வியாபாரத்தின் சாட்சி ஒன்று நம் மெரினா ஓரத்திலேயே நிற்கிறது. பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் குளிர்காலத்தில் வெட்டிய ஐஸ் பாளங்களை மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றியவர் ஃபிரெடரிக் டியூடர். 1833இல் கல்கத்தாவுக்குக் கிளம்பிய அவருடைய முதல் கப்பலில் 180 டன் ஏற்றினார்கள். நான்கு மாதம் கடலில் கிடந்து, வெயில் பிரதேசங்களைத் தாண்டி, சுமார் 100 டன் கரை சேர்ந்தது. சென்னைக்கு வந்ததைச் சேமிக்க 1842இல் எழுந்த கட்டடம்தான் ஐஸ் ஹவுஸ். 1897இல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். இன்று அது விவேகானந்தர் இல்லம். நான்கு மாதப் பயணத்தில் பாதிக்கு மேல் உருகாமல் பிழைத்தது எந்திரத்தால் அல்ல, மரத்தூளால். வெப்பத்தை உள்ளே விடாமல் இருப்பதும், வந்துவிட்டதை வெளியே தள்ளுவதும் இரண்டு தனித்தனி வேலைகள். முதல் வேலையை நாம் மறந்துவிட்டு இரண்டாவதற்கு மட்டும் எந்திரம் வாங்குகிறோம். மொட்டை மாடிக்கு வரும்போது இதைத் திரும்பத் தொடுகிறேன்.

என் முதல் கேள்வி: திடீரென்று நின்றதா, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததா?

"நேத்து ராத்திரிகூட நல்லாத்தான் இருந்துச்சு அங்கிள்" என்றால், கேஸை மறந்துவிடலாம். செம்புக் குழாய் ஒரே ராத்திரியில் வெடித்தால் ஒழிய அப்படி ஆகாது. வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் ரிமோட்டைப் பார்க்க வேண்டும். ஃபேன் மோடில் கிடக்கும். எம்.சி.பி. விழுந்திருக்கிறதா, ஸ்டெபிலைசரில் என்ன விளக்கு எரிகிறது என்று பார்க்க வேண்டும். அதெல்லாம் சரி என்றால் நான் போய் அவுட்டோர் பக்கத்தில் காதை வைப்பேன். எங்கள் ஊரில் இதற்கும் பொறுமை வேண்டும். மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானம் தலைக்கு மேல் போய் முடியும்வரை எதையும் கேட்க முடியாது. விமானம் போன பிறகு கேட்டால், ஃபேன் சுற்றுகிற சத்தம் இருக்கும். கம்ப்ரஸர் மட்டும் 'ம்ம்ம்' என்று முனகி, சில வினாடியில் 'டக்' என்று அடங்கிவிடும். சில நிமிடம் கழித்து மறுபடி முனகல். அது கெப்பாசிட்டரின் வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம். கம்ப்ரஸரைத் தள்ளிவிட்டு ஓடவைக்கும் அந்தச் சின்ன டப்பா வெயிலிலும் சூட்டிலும் நாளாக ஆக வலு இழக்கும். விலை சில நூறு ரூபாய்தான். இன்வர்ட்டர் ஏசியில் இந்த டப்பாவுக்குப் பதில் போர்டு இருக்கும், அது பர்ஸைக் கடிக்கும். எதுவானாலும் மூடியைத் திறந்து நீங்கள் கை வைக்காதீர்கள். சுவிட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்கும்.

கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது என்றால் அழுக்கு அல்லது கசிவு. இரண்டில் அழுக்குதான் பெரும்பாலும். பம்மல் சாலைத் தூசியும் எந்நேரமும் எங்காவது ஒரு வீடு கட்டிக்கொண்டிருக்கிற சிமெண்டுப் புழுதியும் சேர்ந்து, எங்கள் பக்கத்தில் ஏசி ஃபில்டர் இரண்டே வாரத்தில் கம்பளிபோல் ஆகிவிடும். காற்று போகாமல் உள் காயில் அளவுக்கு மீறிக் குளிர்ந்து, அதன் மேல் படியும் ஈரம் ஐஸாக உறைந்துவிடும். உறைந்த பிறகு இருக்கிற கொஞ்சக் காற்றுக்கும் வழியில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், கேஸ் குறைந்தாலும் காயிலில் ஐஸ் பிடிக்கும். அறிகுறி ஒன்று, காரணம் இரண்டு. ஐஸைப் பார்த்ததும் 'கேஸ்' என்று சொல்லிவிடுகிறவர் பாதிதான் பார்த்திருக்கிறார். ஃபில்டரைக் குழாயடியில் கழுவி நிழலில் உலர்த்திப் போட்டு, ஏசியை அணைத்து ஐஸ் முழுவதும் கரைய விட்டு, பிறகு ஓட்டிப் பாருங்கள். மறுபடி ஐஸ் பிடித்தால் மேலே யோசிக்கலாம். ஏசிக்குள் போகிற காற்றுக்கும் வெளியே வருகிற காற்றுக்கும் 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் எந்திரம் தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். ஒரு சாதாரணத் தெர்மாமீட்டர் போதும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் உதவாது.

இரண்டாவது கேள்வி: பகலிலா, ராத்திரியிலா?

ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் படுத்துகிறது என்றால் பெரும்பாலும் வோல்டேஜ். தெருவில் எல்லா வீட்டு ஏசியும் ஒரே நேரத்தில் கண் விழிக்கிற நேரம் அது. 2024 மே 2ஆம் தேதி தமிழ்நாட்டின் மின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அந்தப் பாரம் மாநிலத்துக்கு மட்டுமில்லை, தெருமுனை டிரான்ஸ்பார்மருக்கும் உண்டு. வோல்டேஜ் இறங்கினால் ஸ்டெபிலைசர் துண்டித்துவிடும். அது எந்திரத்தைக் காப்பாற்றத்தான். மறுபடி கரண்ட் வந்தாலும் கம்ப்ரஸர் மூன்று நிமிடம் கழித்தே கிளம்பும். குழாய்க்குள் இரண்டு பக்க அழுத்தமும் சமமாக அந்த நேரம் தேவை. பொறுமையில்லாமல் ரிமோட்டை நாலு தடவை அணைத்து அணைத்துப் போடுகிறவர்கள், ஒவ்வொரு தடவையும் அந்த மூன்று நிமிடத்தை முதலிலிருந்து ஆரம்பித்து வைக்கிறார்கள்.

பகலில் மட்டும், அதுவும் பன்னிரண்டு மணிக்கு மேல்தான் என்றால் வெளியே போய்ப் பார்க்க வேண்டும். சென்னைக்கு மே மாதத்தில் கடல்காற்றுதான் ரட்சகன். மேல்காற்று பலமாக வீசுகிற நாளில் அது கரை ஏறவே தாமதமாகும். கடலை விட்டு இவ்வளவு தூரம் உள்ளே இருக்கும் எங்களுக்கு வந்து சேர இன்னும் நேரமாகும். வீட்டு ஏசிகளின் திறனை 35 டிகிரி வெளிவெப்பத்தில் வைத்துத்தான் அளந்து டப்பாவில் அச்சிடுகிறார்கள். கடல்காற்று வராத மத்தியானத்தில் 40ஐத் தாண்டும்போது அதே ஏசி அதே வேலையைச் செய்யாது. அதைக் கோளாறு என்று சொல்லக் கூடாது.

மூன்றாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது: வீட்டில் சமீபத்தில் என்ன வேலை நடந்தது?

இரண்டு தெரு தள்ளி ஓர் இளம் தம்பதி. இரண்டு வருடம் ஒழுங்காக ஓடிய ஏசி. திடீரென்று மத்தியானமானால் வெறும் காற்று. ஒரு தடவை கேஸ் அடித்தாகிவிட்டது, சரியாகவில்லை. 'கொஞ்சம் குறைவா அடிச்சிருப்பாங்க' என்று வேறொருவரைக் கூப்பிட்டு மறுபடியும் அடித்தாகிவிட்டது. அதற்குப் பிறகு இன்னும் மோசம். நான் போனபோது அந்தப் பெண் சலிப்பின் உச்சத்தில் இருந்தாள். "வேலையா? ஒண்ணும் இல்லையே அங்கிள். பெயிண்ட்கூட அடிக்கலையே" என்றாள். பின்பக்கப் பால்கனி எங்கே என்று கேட்டேன். "ஓ, அதைப் போன மாசம் மூடிட்டோம். புறாத் தொல்லை தாங்கல. ஷீட் போட்டுக் கண்ணாடி வெச்சுட்டோம், இப்போ எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க."

சுத்தமாகத்தான் இருந்தது. அந்தச் சுத்தமான கண்ணாடி அறைக்குள் ஒரு மூலையில் அவுட்டோர் யூனிட், தான் கக்கிய அனலைத் தானே இழுத்துக்கொண்டு நின்றது. கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்த சூட்டை என்னவென்று சொல்ல. ஆறரை கிலோவாட்டை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் கொட்டினால் கம்ப்ரஸர் எங்கே போய் வெப்பத்தை விடும்? சூடேறித் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது, ஆறியதும் கிளம்புகிறது, மறுபடி நிற்கிறது. ராத்திரி வெளியே குளிர்ந்துவிடுவதால் தாக்குப்பிடிக்கிறது. இதில் இரண்டு தடவை கேஸை அடைத்தது வேறு. அளவுக்கு மேல் கேஸ் இருந்தால் அழுத்தம் இன்னும் ஏறும், கம்ப்ரஸர் இன்னும் திணறும். இல்லாத நோய்க்குக் கொடுத்த மருந்து புதிதாக ஒரு நோயைக் கொண்டுவந்துவிட்டது. கண்ணாடியை இரண்டு பக்கமும் நகர்த்தித் திறந்து, புறாவுக்கு வலை கட்டி, கூடுதல் கேஸை எடுத்து எடைபோட்டுச் சரிசெய்த பிறகு ஏசி பழையபடி ஓடியது.

ஏசிக்கு மட்டுமல்ல, உடம்புக்கும் இதே கதை உண்டு. என் மனைவிக்குச் சில வருடங்களுக்கு முன்னால் ஓயாத அசதி. மாடிப்படி நாலு ஏறினால் மூச்சு வாங்கும். எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: "வயசாயிடுச்சுல்ல." மகன் சொன்னான், சம்பந்தி சொன்னார், கோயிலில் பார்த்தவர்கள் சொன்னார்கள், அவளே சொல்லிக்கொண்டாள். எழுபதை நெருங்குகிறவர்களுக்கு இது எதற்கும் பொருந்துகிற பதில். காது கேட்கவில்லையா, வயசு. தூக்கம் வரவில்லையா, வயசு. மருமகள் பேச்சில் கோபம் வருகிறதா, அதற்கும் வயசு. ரத்தம் சோதித்ததில் ஹீமோகுளோபின் வெகுவாக இறங்கியிருந்தது. இரும்புச் சத்து மாத்திரை எழுதிக்கொடுத்து எங்களை அனுப்பியிருக்கலாம், நாங்களும் நிம்மதியாக வந்திருப்போம். அந்த டாக்டர் அம்மா அனுப்பவில்லை. "மாத்திரை தர்றேன். ஆனா ரத்தம் எங்க போகுதுன்னு பாத்தாகணும்" என்றார். முழங்கால் வலிக்கு என்று இவள் மருந்துக்கடையில் தானாக வாங்கி விழுங்கிவந்த மாத்திரைகள் இரைப்பையில் புண்ணாக்கி, அதிலிருந்து யாருக்கும் தெரியாமல் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. மாத்திரையை நிறுத்தி, புண்ணை ஆற்றிய பிறகுதான் இரும்புச் சத்து உடம்பில் ஒட்டியது. இப்போது படி ஏறுகிறாள், என்னைவிட வேகமாக.

வயது உண்மைதான், அதை யார் மறுக்கப்போகிறார்கள். ஏசியில் கேஸ் இருப்பதும் உண்மைதான். பதில் பொய்யாக இருந்தால் என்றாவது மாட்டிக்கொள்ளும். பாதி உண்மையாக, எல்லாவற்றுக்கும் பொருந்துகிறதாக இருந்துவிட்டால், கேள்வி கேட்பதே நின்றுபோகிறது. என் வயதுக்காரர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வயசு என்று யாராவது சொன்னால், அதற்கு மேல் ஒரு கேள்வி கேளுங்கள்.

உண்மையிலேயே கேஸ் கசிகிற வீடுகளும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். உள் யூனிட்டின் பின்னால் குழாய்கள் சேரும் ஃப்ளேர் நட்டில் கசியலாம், காயிலின் வளைவுகளில் அரித்துக் கசியலாம். சாக்கடை ஓரமாக மாட்டிய யூனிட்டுகளில் செம்பு சீக்கிரம் கறுத்து அரித்துப்போகும். சாக்கடையிலிருந்து கிளம்பும் வாயு செம்புக்கு ஆகாது. கசிகிற இடத்தில் பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்கு தெரியும், ஏனென்றால் கேஸோடு கம்ப்ரஸர் எண்ணெயும் சுற்றுகிறது. ஒழுங்கான வேலை என்றால் குழாயில் நைட்ரஜன் ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிற இடத்தைப் பிடித்து, பற்றவைத்து, வேக்கம் பம்ப் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்துவிட்டு, அவுட்டோர் ஸ்டிக்கரில் எழுதியிருக்கும் அதே கேஸை அதே எடைக்குத் தராசில் வைத்து ஏற்ற வேண்டும். நைட்ரஜன் கைவசம் இல்லை என்று ஆக்ஸிஜன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். கம்ப்ரஸர் எண்ணெயும் அழுத்தமான ஆக்ஸிஜனும் சேர்ந்தால் வெடிக்கும். ஆர்-32 கொஞ்சம் தீப்பற்றக்கூடியது என்பதால், கேஸ் உள்ளே இருக்கும்போது பற்றவைப்பு கூடவே கூடாது. ஆர்-22 ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் 1987இன் மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின் வழியில் படிப்படியாக விலகிவருகிறது. அதில் ஒரு கிலோ காற்றில் கலந்தால், ஒரு கிலோ கரியமில வாயுவைப் போல சுமார் 1,800 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். வருடாவருடம் கசியவிட்டு அடைக்கிற கேஸ் எங்கே போகிறது என்பதற்கு இதுதான் பதில்.

மாடிக்கு வருவோம். விமான நிலையத்தை ஒட்டிய ஊர் என்பதால் எங்கள் பக்கம் உயரக் கட்டடங்கள் குறைவு. இரண்டு மாடி, மூன்று மாடி வீடுகளே அதிகம். ஆகவே நிறையப் பேர் தலைக்கு நேர் மேலே வெயில் காய்கிற கான்கிரீட் தளத்தின் கீழ் படுக்கிறார்கள். பகல் முழுவதும் குடித்த சூட்டை அந்தத் தளம் நடுராத்திரி வரை அறைக்குள் இறக்கும். பழைய வீடுகளில் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்து, அதன் மேல் தட்டோடு பதித்தார்கள். இப்போது பலர் அந்தச் செலவை மிச்சம் பிடித்து, அதற்குப் பதில் கூடுதல் டன் ஏசி வாங்குகிறார்கள். குறைந்தபட்சம் கோடைக்கு முன் வெள்ளைச் சுண்ணாம்பாவது அடிக்கலாம், மேற்குச் சன்னலுக்குத் தடித்த திரை போடலாம். மின்சிக்கனத்துக்கான மத்திய அமைப்பின் விதிப்படி 2020 ஜனவரி 1 முதல் நட்சத்திர முத்திரை பெற்ற ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படிதான் வருகின்றன. ஒரு டிகிரி கூட்டினால் ஆறு சதவீத அளவுக்கு மின்சாரம் மிச்சம் என்பது அவர்கள் கணக்கு. 16இல் வைத்தால் வேகமாகக் குளிரும் என்று நினைப்பவர்களுக்கு: பழைய ரகக் கம்ப்ரஸருக்கு ஒரே வேகம்தான், 24இல் வைத்தாலும் அதே வேகத்தில்தான் ஓடும். கரண்ட் பில்லில் 500 யூனிட்டைத் தாண்டினால் விலைப் படியே மாறிவிடும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்தக் கண்ணாடிப் பால்கனி வீட்டுக்கு இரண்டாவதாகக் கேஸ் அடித்த பையனைப் பிறகு ஒரு நாள் டீக்கடையில் பார்த்தேன். செய்யாறு பக்கத்துப் பிள்ளை, அனகாபுத்தூரில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். வேலை தெரிந்தவன்தான். டாங் டெஸ்டர் கையில் வைத்திருந்தான், கரண்ட் எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்திருந்தாலே பாதி விளங்கியிருக்கும். "ஏம்பா, பால்கனிக் கதவத் தொறந்து ஒரு நிமிஷம் பாக்கலையா?" என்று கேட்டேன்.

"பாத்தேன் ஐயா. சூடா இருந்துச்சு, எனக்கே தெரிஞ்சுது. 'கண்ணாடியத் தொறந்து வைங்க'ன்னு சொல்லிட்டு இறங்கி வந்தா எனக்கு என்ன குடுப்பாங்க? 'ஒண்ணுமே பண்ணலையே'ன்னு அம்பது ரூபா நீட்டுவாங்க. லீக் தேடணும்னா அரை நாள் ஆகும், சோப்புத் தண்ணி தடவுனதுக்குக் காசான்னு கேப்பாங்க. கேஸ்னு சொன்னா மட்டும்தான் யாரும் பேரம் பேச மாட்டாங்க."

அவன் செய்தது சரியில்லை, அதை அவனிடமே சொன்னேன். ஆனால் அவன் சொன்னதற்கு என்னிடம் பதிலில்லை. பொருளுக்குக் காசு கொடுப்போம், பார்த்ததற்குக் கொடுக்க மாட்டோம் என்றால் பொருளைத்தான் விற்பார்கள்.

இன்னொன்றும் உண்டு. 2015 டிசம்பரில் அடையாறு பொங்கி எங்கள் பக்கத்துத் தாழ்வான தெருக்களில் புகுந்தபோது தரையில் வைத்திருந்த அவுட்டோர் யூனிட்டுகள் மூழ்கின. அதற்குப் பிறகு பலர் உயரத்தில், வெளிச்சுவரில் இரும்புச் சட்டம் அடித்து மாட்டிவிட்டார்கள். வெள்ளத்துக்கு நல்லதுதான். கழற்றுகிறவன் நிற்க ஒரு சாண் இடம் விட்டவர்கள் குறைவு. சன்னல் விளிம்பில் ஒரு கால், சட்டத்தில் ஒரு கால் என்று இரண்டாவது மாடியில் தொங்கிக்கொண்டிருக்கிற பையனிடம், கீழிருந்து "சீக்கிரம் முடிப்பா, ரூம் சூடாகுது" என்கிறோம்.

ஆகவே இந்த மே மாதம் ஏசி நின்றால், முதலில் ஃபில்டரைக் கழுவிப் போட்டுப் பாருங்கள், அவுட்டோரை மறைத்து எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். வந்தவரிடம் "கேஸ் போட எவ்வளவு?" என்று ஆரம்பிக்காமல், "கோளாறு எங்கேன்னு கண்டுபிடிக்க எவ்வளவு?" என்று கேட்டு, அந்தத் தொகையை முதலிலேயே பேசிவிடுங்கள். ஒரு பொருளும் மாற்றாமல், ஒரு கண்ணாடியை நகர்த்தி ஏசியை ஓடவைத்துவிட்டு இறங்கினாலும் அதை முழுசாகக் கொடுங்கள். மேலே ஏறுவதற்கு முன் இடுப்பில் பெல்ட் கட்டியிருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் அன்றைக்கு வேலை வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.